இரண்டு விரல்

நெய்வேலிச் சுரங்கம் கழித்துப் போட்ட ஜீப்.
ஏலத்தில் பெயர் வாசித்தவர்
"மிஸ்டர் தில்லைவடிவு" என்றார்.
நான் திருத்தவில்லை.
பணத்தை எண்ணி வைத்தேன்.

லாரியிலிருந்து இறங்கியபோது
சேஸின் பொந்துகளில் இன்னும்
பழுப்பு நிலக்கரித் தூள்.
சுரண்டச் சுரண்ட மூன்று பக்கெட்.
முருங்கைக்கு எருவாகட்டும் என்று கொட்டினேன்.
முருங்கை செத்தது.

செம்மண்டலத்தில் எங்கள் போர்ட்டிகோதான் பட்டறை.
கணவரின் சட்டைகள் காயும் கொடிக்குக் கீழே
கிரவுன் வீலும் பினியனும்
மண்ணெண்ணெயில் ஊறிக் கிடந்தன.
குழம்புச் சட்டி ஒன்று குறைகிறதே என்று
அவர் நாலு நாள் தேடினார்.
நானும் கூடவே தேடினேன்.

எதிர்வீட்டுத் தையல்நாயகி
கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று
யாரிடமோ சொன்னாள்:
"அதுக்கு மரை கழண்டுபோச்சு."

கழண்டால் தேவலையே அம்மா.
பின் ஆக்சிலில் நான்கு யு-போல்ட், எட்டு நட்டு.
சுரங்கத்துத் தண்ணீர் பாதி இறுக்கியது,
மீதியை நம் ஊர் உப்புக்காற்று.
ஸ்பேனர் வாலில் இரும்புக் குழாய் செருகி
குழாய்மேல் ஏறி நின்றேன்.
அறுபத்தெட்டு கிலோ.
அசையவில்லை.
டீசல் ஊற்றினேன், சூடு காட்டினேன்,
கெட்ட வார்த்தையும் சொன்னேன்.
ஐந்தாம் நாள்
பல் பிடுங்கும்போது தலைக்குள் கேட்குமே
அந்தச் சத்தம்.
மரை கழண்டது.
ஓடிப்போய் எதிர்வீட்டில் காட்டலாமா என்றிருந்தது.

பகலில் கூட்டுறவு வங்கியில் காஷ் கவுண்டர்.
என் நகக்கண்ணைப் பார்த்துவிட்டு
ஒருவர் நோட்டை இரண்டாம் முறை எண்ணினார்.
கிரீஸ் பணத்தில் ஒட்டாது, ஐயா.
ஒட்டினாலும் செல்லும்.

துறைமுகத்தில் படகு எஞ்சினுக்கு ஸ்டாண்டு அடிக்கிற
தாஜுதீன் முதுநகரிலிருந்து ஞாயிறுதோறும் வந்தார்.
பற்றவைக்கும்போது பேசமாட்டார்,
இரும்பு ஆறும்போது மட்டும்
மகளின் நீட் மதிப்பெண்ணைச் சொல்வார்.
பட்டைக்கு நீளமான ஷேக்கிள்,
முப்பத்தோரு அங்குல டயர்,
மேலே குழாய்க் கூண்டு.
ஒவ்வொன்றாய் ஏற ஏற
வண்டி மழையில் காளான் மாதிரி உயர்ந்தது.
நாங்கள் வண்டியை அளந்தோம்.
உத்தரத்தை அளக்கவில்லை.

தை மாதம் எஞ்சின் உயிர்பிடித்த அன்று
கிளட்சை விட்டேன், நான்கு அடி நகர்ந்தது.
டங்.
கூண்டுக்கும் உத்தரத்துக்கும்
இரண்டு விரல் பகை.

கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றார் கணவர்.
கூண்டை அறுக்கலாம் என்றார் தாஜுதீன்,
அறுக்க மனசில்லாத குரலில்.
நான் குந்தி உட்கார்ந்து
டயர் வால்வில் நகத்தை வைத்து அழுத்தினேன்.
மணலுக்குப் போனால் எப்படியும் இறக்கவேண்டிய காற்றுதானே.
இங்கேயே இறங்கட்டும்.

ஒரு விரல் குறைந்தது.
இன்னும் ஒன்று.
"ஏறுங்க" என்றேன்.
கணவர் ஏறினார், தாஜுதீன் ஏறினார்,
தண்ணீர் கேன் போட வந்த பையன் கேனோடு ஏறினான்.
போதவில்லை.
தெருவைத் தாண்டி வந்தாள் தையல்நாயகி.
ஒன்றும் சொல்லாமல்
புடவையை இடுப்பில் செருகி
முன் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள்.
பட்டைகள் முனகின.
கூண்டு உத்தரத்தை உரசி
கொஞ்சம் பச்சைப் பெயிண்டை விட்டுவிட்டு
வெயிலுக்கு வந்தது.

இறங்குங்கள் என்று யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.
தேவனாம்பட்டினம் போகும் வழியெல்லாம்
தளர்ந்த டயர் சப்பாத்தி தட்டுகிற ஓசை.
மணலில் பின்சக்கரம் புதைந்தது.
சின்ன லீவரை இழுத்தேன்.
முன்சக்கரங்கள் யோசித்தன,
பிறகு கடித்தன.
கேன் பையன் கத்தினான்,
கடல் எதையும் கவனிக்கவில்லை.

இரவு வண்டி தெருவில்.
உள்ளே போக மறுபடி அத்தனை பேரும் வேண்டும்.
எதிர் ஜன்னலில் விளக்கு அணையுமுன் குரல் வந்தது:
"காலையில எத்தனை மணிக்கு ஏறணும்?"